தலையெழுத்தா? வாசற்படிச் சட்டமா?

(மயிலாடும்பாறைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் "பிற தேசம் போன தமிழனும் அவனது அரசியலும்" என்பது. நோட்டீசில் இதைப் பார்த்துவிட்டு, மத்தியானம் டீக்கடையில் ஒரு வாலிபத் தோழர் நம்மிடம் வந்தார். "ஐயா, எங்கள் அண்ணன் சௌதியில் இருக்கிறான். நாலு மாசமாகச் சம்பளம் கொடுக்கவில்லை. அவனோடு நூறு பேர் அங்கே இருக்கிறார்கள். ஒரு நாள் வேலையை நிறுத்தினால் என்ன? ஒரு சங்கம் வைத்தால் என்ன? கடல் தாண்டினால் நம்மவன் கோழையாகி விடுகிறானா?" என்று கேட்டார். பக்கத்துப் பெஞ்சிலிருந்த பெரியவர் ஒருவர், "அதெல்லாம் அவனவன் தலையெழுத்து, தம்பி" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

தோழர்களே! கோழைத்தனம் என்பதும் தலையெழுத்து என்பதும் வேறு வேறு பதில் போலத் தோன்றலாம். முன்னது மனிதன் பேரில் பழி போடுகிறது; பின்னது ஆண்டவன் பேரில் போடுகிறது. சட்டம் எழுதினவன் இரண்டிலும் தப்பித்துக்கொள்ளுகிறான். நாம் சொல்லுவது என்னவென்றால், பிழைக்கப் போகிறவனை ஒரு தேசத்துச் சர்க்கார் எந்த நிபந்தனையின் பேரில் உள்ளே விடுகிறதோ, அந்த நிபந்தனைதான் அவன் அங்கே வாய் திறப்பானா மாட்டானா, திறந்தால் யாரைப் பார்த்துத் திறப்பான் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பதாகும். இதற்கு வாசற்படிச் சட்டம் என்று நாமே ஒரு பெயர் வைத்துக்கொண்டோம். எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டாம். நாம் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள். மற்றதெல்லாம் நூல்நிலையத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து கற்றதுதான். தப்பிருந்தால் பேச்சு முடிந்ததும் எழுந்து கேட்கலாம்.

இந்த வட்டாரத்தாருக்கு இதை அதிகமாக விளக்க வேண்டியதில்லை. கைரேகைச் சட்டம் என்றால் என்னவென்று உங்கள் பாட்டன்மாருக்குத் தெரியும். பக்கத்து ஊருக்குப் போக ராதாரிச் சீட்டு; இராத்திரியானால் போலீஸ் கொட்டடியில் படுக்கை. பிறந்த மண்ணிலேயே ஒரு சாதி முழுவதையும் அன்னியனாக்கி வைத்தது 1911ஆம் வருஷத்துக் குற்றப்பரம்பரைச் சட்டம். ரேகை வைக்க மாட்டோம் என்றவர்களைப் பார்த்து 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் சர்க்கார் துப்பாக்கி சுட்டது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. அது இருந்த காலம் வரை அந்த மக்களுக்கு "ரேகையை எடு" என்பதுதானே முதல் அரசியல்? நடமாடவே அனுமதி இல்லாதவன் வேறு எந்த அரசியலை முதலில் பேசுவான்? உள்ளூரில் பார்த்த இதே கதையைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம்.

கடல் கடப்பது பாவம் என்று எழுதி வைத்தது பௌதாயன தர்மசூத்திரம். அந்தச் சாஸ்திரம் எழுதினவர்களின் சந்ததியார் லண்டனுக்குப் போய்ப் பாரிஸ்டர் ஆகித் திரும்பி வந்து பிராயச்சித்தம் செய்துகொண்டார்கள். நம்முடைய பள்ளனும் பறையனும் சக்கிலியனும் கள்ளனும் வன்னியனும் பஞ்சத்துக்குப் பயந்து ஓடினபோது பிராயச்சித்தத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் போனால் தேவலை என்றுதான் மிராசுதார் நினைத்தான். பிறகு வயலுக்கு ஆள் கிடைக்காதபோதுதான் கூச்சல் போட்டான்.

நிற்க. ஒரே ஜில்லாவிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் நேட்டாலுக்கு, ஒருவன் மலாயாவுக்கு, ஒருவன் இலங்கைக்கு. சாதி ஒன்று, சாமி ஒன்று, கஞ்சியும் ஒன்று. ஐம்பது வருஷம் கழித்துப் பார்த்தால் மூன்று குடும்பங்களின் அரசியலும் மூன்று தினுசாக இருக்கிறது. ஏன்?

நேட்டாலைப் பாருங்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து போன "ட்ரூரோ" என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்தவன் காய்கறி போட்டும் மீன் பிடித்தும் அங்கேயே பிழைக்க ஆரம்பித்ததும் வெள்ளைக்காரனுக்குப் பொறுக்கவில்லை. 1895இல் ஒரு சட்டம் செய்தான்: ஊருக்குத் திரும்பு, இல்லாவிட்டால் மறுபடி ஒப்பந்தத்தில் விழு, இரண்டும் முடியாதென்றால் வருஷத்துக்கு 3 பவுன் வரி கட்டு. ஒப்பந்தக் கூலிக்கு மாசச் சம்பளம் பத்து ஷில்லிங்கில் ஆரம்பம். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். ஆறு மாசச் சம்பளம். பின்னால் பதினாறு வயசுப் பையனுக்கும் பதின்மூன்று வயசுப் பெண்ணுக்கும்கூட அந்த வரி வந்தது. அது போதாதென்று 1913 மார்ச்சில் ஸேர்ல் என்ற ஜட்ஜ், பல தாரத்துக்கு இடங்கொடுக்கும் மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணம் குடியேற்றச் சட்டத்துக்குச் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். அதாவது அங்கே இருந்த நம்முடைய பெண்களில் அநேகர் ஒரே நாளில் வைப்பாட்டிகள் ஆனார்கள். சுயமரியாதைக் கல்யாணத்துக்கு 1967 வரையில் சட்டத்தில் இடமில்லாதிருந்த நமக்கு இந்த அவமானம் என்னவென்று தெரியும்.

விளைவு என்ன? அதுவரை அடுப்பங்கரையை விட்டு வராத பெண்கள் எல்லையைத் தாண்டி நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், "வரி ஒழிகிற வரையில் வேலைக்குப் போகாதீர்கள்" என்று சொன்னார்கள். சுரங்கம் நின்றது, கரும்புத் தோட்டம் நின்றது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையில் வந்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்து போனார். அந்த வருஷமே 3 பவுன் வரியும் போயிற்று, கல்யாண விஷயத்திலும் சட்டம் திருத்தப்பட்டது. காந்தியார் தலைமை வகித்தார் என்பதை நாம் மறுக்கவில்லை. தம்பி நாயுடு போன்ற தமிழ்நாட்டு வழிவந்தவர்கள் அவருக்கு முன்னும் பின்னும் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சுரங்கத்துக் கூலியையும் கடைக்காரன் பெண்சாதியையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியது எந்த மகாத்மாவின் பேச்சுமல்ல. ஒரே வாசற்படிச் சட்டம் இரண்டு பேர் வீட்டிலும் கை வைத்தது. ஆகவே இரண்டு பேரும் வந்தார்கள்.

இரண்டாவது தம்பி மலாயாவுக்குப் போனான். அங்கே கங்காணி கூட்டிக்கொண்டு போகிறான். தோட்டத்துப் பணம் கப்பல் சத்தத்துக்குப் போகிறது. ஓட்டு என்ற பேச்சே கிடையாது. வாய் பேசினவனைக் கோர்ட்டுக்குக்கூடக் கொண்டுபோகாமல் கப்பலேற்றி விடுவதற்கு நாடுகடத்தும் சட்டம் இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் மனிதன் எந்த அரசியல் செய்வான்? ஒன்று, தாய்நாட்டைப் பற்றிப் பேசுவான்; அதனால் மலாயா சர்க்காருக்கு அவ்வளவாகக் கோபம் வராது. மற்றொன்று, தன் சமூகத்துக் குப்பையைக் கூட்டுவான். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் போய் இறங்கியபோது திரண்ட கூட்டமும், 1932இல் சிங்கப்பூரில் ஏற்பட்ட தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி ஆரம்பித்த "தமிழ் முரசு" பத்திரிகையும் இந்த வகை. இது முழுவதும் நம் கொள்கையின் மகிமை என்று சொல்லிக்கொள்ள நமக்கும் ஆசைதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே! மற்றக் கதவெல்லாம் சாத்திக் கிடந்த வீட்டில் திறந்திருந்த ஜன்னல் அது. "சாதியை விடு, கள்ளை விடு, சடங்குக்குக் கடன் வாங்காதே" என்று சொன்னவனை நாடு கடத்தத் துரைக்குச் சட்டென்று காரணம் கிடைக்கவில்லை.

காரணம் கிடைத்தபோது அவன் சும்மா இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வந்தது. அவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பெண்களிடம் முறைகேடாக நடக்கும் துரைகளையும் கிராணிகளையும் விலக்கு, கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடு. பட்டாளம் வந்தது, தொழிலாளிகள் செத்தார்கள். "தமிழ் நேசன்" பத்திரிகையைச் சேர்ந்த ஆர். எச். நாதன் என்ற தலைவரைப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். யுத்தத்துக்குப் பிறகு 1948இல் அவசரகாலச் சட்டம் வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி என்ற தஞ்சை ஜில்லாத் தமிழர் 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது வழக்கு. இங்கே டில்லியிலிருந்து போன வேண்டுகோளும் பலிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் கவனியுங்கள். 1957இல் மலாயா சுதந்திரமடைந்தது; அன்று முதல் அங்கே பிறந்த பிள்ளைக்குப் பிரஜா உரிமை என்று அரசியல் சட்டம் சொல்லிற்று. அதே வருஷம் சிங்கப்பூரிலும் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. உடனே அதே சாரங்கபாணி என்ன செய்தார்? "ஊருக்குப் போகும் நினைப்பை விடுங்கள், பெயரைப் பதிவு செய்யுங்கள், பிரஜையாகுங்கள்" என்று தம் பத்திரிகையில் ஓயாமல் எழுதினார். ஆள் அவர்தான், பத்திரிகை அதுதான். கதவு திறந்ததும் பேச்சு மாறிற்று.

மூன்றாவது தம்பி கதைதான் நீளம். ஏனென்றால் அவன் பக்கத்திலேயே இருந்தான். அவனுக்கு ஒரு முறை கதவு திறந்தது, பிறகு முகத்திலேயே சாத்தப்பட்டது.

இலங்கைத் தோட்டத்துக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் கிடையாது. கங்காணி கடனும் பற்றுச்சீட்டும்தான் ஒப்பந்தம். கடன் தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக முடியாது. இந்தத் "துண்டு" முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். தோட்டத்துக்குள் அன்னியன் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. ஆகவே தோட்டத்துக்குள் சங்கக்காரன் நுழைவது எப்படி? தஞ்சாவூரிலிருந்து போன கோ. நடேசய்யர் ஜவுளி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு புடவை வியாபாரி போல லயன் லயனாக நுழைந்து பார்த்தார். பத்திரிகை நடத்தினார், 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சம்மேளனம் வைத்தார். அவர் பெண்சாதி மீனாட்சியம்மாள் பாட்டாகப் பாடியே தொழிலாளிப் பெண்களிடம் அரசியல் சொன்னார். பெயரில் ஐயர் இருக்கிறதே, இந்த மேடையில் அவரைப் புகழலாமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். நம் சண்டை பிறப்பால் உயர்வு என்று சொல்லுகிறவனோடுதானே? அவன் செய்யாத வேலையை இவர் செய்தார். சொல்ல வேண்டியது நம் கடமை.

1931இல் டொனமூர் திட்டம் வந்தது. இருபத்தொரு வயசானவர்களுக்கு ஆண் பெண் வித்தியாசமில்லாமல் ஓட்டு. தோட்டத் தமிழருக்கும் நிரந்தரமாகக் குடியிருக்கிறவர் என்று காட்டினால் ஓட்டு உண்டு என்று, ஆயிரம் நிபந்தனையோடு கொடுத்தார்கள். அப்போது நம்முடைய ஊரில் சொத்தும் படிப்பும் இல்லாத பெண்ணுக்கு ஓட்டு கிடையாது. ஹட்டனில் கொழுந்து பறித்த பெண்ணுக்கு இருந்தது! ஓட்டு வந்ததும் அரசியல் எப்படி ஆயிற்று என்று பாருங்கள். பெரி. சுந்தரமும் வைத்திலிங்கமும் சட்டசபைக்குப் போனார்கள்; 1936இல் நடேசய்யரும் போனார். அதுவரை துரை முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிய கங்காணிகூட ஓட்டுக்காகத் தொழிலாளியிடம் வந்தான்.

1937இல் ஒரு வேடிக்கை நடந்தது. பிரேஸ்கர்டில் என்ற வெள்ளைக்கார வாலிபர் ஆஸ்திரேலியாவிலிருந்து மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை பழக வந்தவர், தொழிலாளர் கூட்டத்தில் மேடை ஏறித் துரைமார்கள் செய்யும் அக்கிரமத்தைப் பேசினார். கவர்னர் அவரை நாடு கடத்த உத்தரவு போட்டார். இடதுசாரிகள் அவரை ஒளித்து வைத்து, பிறகு பகிரங்கக் கூட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு செல்லாது என்று அவரை விடுவித்தது. நல்ல தீர்ப்புதான், சந்தோஷம். ஆனால் மூன்று வருஷம் கழித்து 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டவர்களில் கோவிந்தன் என்ற தொழிலாளியைப் போலீசார் சுட்டுக் கொன்றபோது, எந்தக் கோர்ட்டு உத்தரவும் அவனுக்கு உயிரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் மலைநாட்டில் ஐந்துக்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. இன்னும் பல தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. சேனாநாயக்கா சர்க்காருக்கு இது போதாதா? 1948இல் சுதந்திரம் வந்தது. அந்த வருஷமே 18ஆம் நம்பர் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. நீ இலங்கையில் பிறந்திருந்தால் போதாது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டு. இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்று காட்டு என்றது சட்டம். லயத்தில் பிறந்த கூலியின் தகப்பனுக்குப் பிறப்புப் பத்திரம் யார் எழுதி வைத்தார்கள்? இந்தக் கூட்டத்தில் பூட்டன் பிறந்த பத்திரம் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம்! 1949இல் இன்னும் இரண்டு சட்டங்கள்: ஒன்று, மனுப் போட்டுப் பிரஜையாகலாம் என்றது, மற்றொன்று, பிரஜை அல்லாதவனுக்கு ஓட்டு இல்லை என்றது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. உரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். அதுவரை சட்டசபைக்கு ஆள் அனுப்பிய ஜனங்கள் 1952 தேர்தலில் ஓட்டுச் சாவடிக்கு வெளியே நின்றார்கள்.

ஓட்டுப் போனதும் அரசியலும் உருமாறியது. 1952இல் கொழும்பில் மாசக்கணக்கில் சத்தியாக்கிரகம் செய்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த மக்களின் தலைவிதியைப் பேசினவர்கள் யார்? அவர்கள் அல்ல; டில்லியும் கொழும்பும். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேர், அதில் 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு, மீதி 1,50,000 பின்னால் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் ஆடு பிரிக்கிறவன்கூட ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம் வட்டாரத்திலேயே "சிலோன்காரர் வீடு" என்று பேர் வாங்கின குடும்பங்கள் இருக்கின்றன. தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்து இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் தங்கினவர்கள். அந்த முகாமின் கதையே ஒரு பாடம். அவர்கள் பாட்டன்மாரை இலங்கைக்கு அனுப்புவதற்கு முன்னால் உடம்பைச் சோதித்து அடைத்து வைத்ததும் மண்டபத்தில்தான். பேரன்களைத் திருப்பி வாங்கிக்கொண்டதும் மண்டபத்தில்தான். 1983க்குப் பிறகு உயிருக்குப் பயந்து தோணியில் வந்த அகதிகளை வைத்ததும் மண்டபத்தில்தான். ஒரு கிழவியம்மாள் நம்மிடம் சொன்னது: "அங்கே கள்ளத்தோணி என்றான். இங்கே சிலோன்காரி என்றான். நான் எந்த ஊர்க்காரியப்பா?" அந்த அம்மாளுக்கு நம்மிடம் பதில் இல்லை. வெற்றிலை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இலங்கையில் மீந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பிரஜாவுரிமை கிடைத்தவர்களின் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு 1977இல் தொண்டமான் பாராளுமன்றத்துக்கு வந்தார், மறுவருஷம் மந்திரியுமானார். 1986 ஜனவரியில் ஒரு தந்திரம் செய்தார். வேலைநிறுத்தம் என்று சொன்னால் சட்டம் பாயும். ஆகவே "பிரார்த்தனை" என்று பேர் வைத்தார். காலையில் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் சாமி கும்பிட உட்கார்ந்துவிட்டார்கள். பிரார்த்தனையைப் பற்றி நம் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பிரார்த்தனையை நாம் குறை சொல்ல மாட்டோம். சாமி காதில் விழுந்ததோ இல்லையோ, பறிக்காமல் முற்றிப்போகும் கொழுந்தின் சத்தம் கொழும்புக்குக் கேட்டது. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் அந்த வருஷம் வந்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களோடுதான் அந்தக் கணக்கு ஏறக்குறையத் தீர்ந்தது. 1948இல் ஒரே சட்டத்தில் பறித்ததைத் திருப்பி வாங்க ஐம்பத்தைந்து வருஷம்.

இது தமிழனுக்கு மட்டும் உள்ள குணம் என்று யாராவது சொன்னால் பஞ்சாபியைப் பாருங்கள். 1908இல் கனடா சர்க்கார் ஒரு விதி செய்தது: சொந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் நிற்காமல் நேராக வந்தவனைத்தான் உள்ளே விடுவோம் என்று. இந்தியாவிலிருந்து நேராகப் போகும் கப்பலோ இல்லை! இந்தியர்கள் வேண்டாம் என்று சொல்லாமலே சொன்ன சாமர்த்தியம் அது. 1914 மே மாசம் "கோமகட்டா மாரு" என்ற கப்பலில் 376 பேர் வான்கூவர் துறைமுகத்துக்குப் போய், இரண்டு மாசம் கடலிலேயே கிடந்து, பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கல்கத்தா பக்கம் பட்ஜ்பட்ஜில் இறங்கியபோது துப்பாக்கிச் சூடு. அமெரிக்காவிலிருந்த பஞ்சாபிகள் 1913லேயே சான்பிரான்சிஸ்கோவில் "கதர்" பத்திரிகை நடத்தி வெள்ளைக்காரனை ஆயுதத்தால் விரட்டுவோம் என்று கிளம்பியிருந்தார்கள். மரமறுக்கும் ஆலைக்கும் பழத்தோட்டத்துக்கும் கூலிக்குப் போனவர்களைப் புரட்சிக்காரர்கள் ஆக்கியது அந்த வாசற்படி. பிறகு 1946இல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தி, இந்தியரும் பிரஜையாகலாம் என்றது. அமிர்தசரஸ் ஜில்லாவில் பிறந்த தலிப் சிங் சௌந்த் 1949இல் பிரஜையானார். 1956 தேர்தலில் ஜெயித்து அமெரிக்கக் காங்கிரசுக்கே போனார். ரத்தம் மாறிவிட்டதா? சட்டம் மாறிற்று.

இப்போது டீக்கடைத் தோழரின் அண்ணன் விஷயத்துக்கு வருவோம். சௌதிக்குப் போகிறவனை அங்கே கொண்டுபோவது கபாலா என்ற முறை. ஒரு முதலாளியின் பேரில்தான் விசா. அந்த முதலாளியை விட்டால் அந்தத் தேசத்திலேயே அவன் இருக்க வழியில்லை. சிறிது காலமாக அங்கங்கே அந்த விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் சௌதியில் தொழிற்சங்கமே கூடாது. கத்தாரில் தொழிலாளர் கமிட்டி உண்டு, கத்தார்க்காரனுக்கு மட்டும். வேலையை நிறுத்தினவனுக்குக் கூலிக்குப் பதிலாக விமான டிக்கட்டு கிடைக்கும். இதே வளைகுடாவில் பஹ்ரைனில் 2002ஆம் வருஷத்துச் சட்டம் அன்னியத் தொழிலாளியையும் சங்கத்தில் சேர விடுகிறது, அங்கே சேருகிறான். சௌதியில் இருப்பவனும் பஹ்ரைனில் இருப்பவனும் ஒரே ஊர்க்காரனாக இருக்கலாம், ஒரே தாய் வயிற்றில் பிறந்திருக்கலாம். தம்பி, உன் அண்ணன் கோழையல்ல. அவன் பேச வேண்டியதை இங்கே இருந்து நீ பேசலாம். உனக்கு விசா தேவையில்லை. அவனை அனுப்பின ஏஜெண்டு இந்த நாட்டில்தானே இருக்கிறான்? மனு எழுத நாம் கூட உட்காருகிறோம்.

வெளிநாட்டானை மட்டும் திட்டிவிட்டு மேடையை விட்டு இறங்கினால் அது யோக்கியமாகாது. நம் வாசற்படி எப்படி இருக்கிறது? இலங்கையிலிருந்து ஓடிவந்த தமிழர்கள் 2021 கணக்குப்படி இந்த நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் அரை லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். அந்த வருஷம் "அகதி முகாம்" என்பதை "மறுவாழ்வு முகாம்" என்று தமிழ்நாடு சர்க்கார் பேர் மாற்றியது, வீடும் கட்டிக் கொடுக்கிறது, நல்லதுதான். ஆனால் பிரஜாவுரிமை டில்லி கையில். 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராயிருக்க வேண்டும் என்று சட்டம். 2003ஆம் வருஷத்துத் திருத்தம் இன்னும் இறுக்கியது. 2019இல் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று தேசத்திலிருந்து வந்தவர்களுக்கு மதம் பார்த்துக் கதவு திறந்தார்கள். முஸ்லிமுக்கு இல்லை; இலங்கையிலிருந்து வந்தவனுக்கு, அவன் விபூதி பூசினாலும் இல்லை. நாற்பது வருஷமாக இங்கே பெயின்ட் அடித்துப் பிழைக்கிற அந்த ஜனங்கள் எங்கேயாவது ஊர்வலம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? சாயங்காலம் முகாமில் தலை எண்ணும்போது இருந்தாக வேண்டும் என்பவன் எங்கே ஊர்வலம் போவான்? ராதாரிச் சீட்டை மறந்துவிட்டோமா?

கடைசியாக இந்த மலைக்கு அந்தப் பக்கம். கம்பம், கூடலூர், போடி பக்கத்திலிருந்து தினமும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கி ஏறிக் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் உங்களுக்குத் தெரியும். உங்கள் பெண்களைக் கட்டிக் கொடுத்த இடத்திலும் இருப்பார்கள். இவர்களுக்குப் பாஸ்போர்ட்டு வேண்டாம், விசா வேண்டாம். ஆனாலும் ஒரு வாசற்படி இருக்கிறது. இவர்கள் ஓட்டு இந்தப் பக்கம், கூலி அந்தப் பக்கம். கூலியைக் குறைத்தால் இடுக்கி எம்.எல்.ஏ.வுக்கு இவர்கள் ஓட்டில்லை. ஜீப் கவிழ்ந்தால் கம்பம் எம்.எல்.ஏ.வுக்குத் தோட்ட முதலாளி மேல் அதிகாரமில்லை. 2020இல் கொரோனா வந்து எல்லையை அடைத்தபோது மாசக்கணக்கில் அடுப்பெரியாமல் கிடந்தவர்கள் எந்த ராஜ்யத்துக் கணக்கிலும் ஏறவில்லை.

இதற்கு நேர் எதிரே மூணாற்றைப் பாருங்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருப்பதும் தமிழ்ப் பெண்கள்தான். ஆனால் தலைமுறையாகக் குடியிருக்கிறவர்கள், கேரளத்து ஓட்டு உள்ளவர்கள். 2015 செப்டம்பரில் போனசை இருபது சதவிகிதத்திலிருந்து பத்தாக்கினபோது, ஆண் சங்கத் தலைவர்களை ஒதுங்கி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, "பெண்கள் ஒருமை" என்று தாங்களே ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள். மந்திரிகள் ஓடி வந்தார்கள், போனசும் சேர்ந்த தொகையுமாக இருபது சதவிகிதம் வந்தது. மூணாற்றுப் பெண்ணுக்கு வீரம் அதிகம், கம்பத்துப் பெண்ணுக்குக் குறைவு என்று யாராவது சொல்லுவீர்களா?

ஜீப்பில் போகிற பெண்களுக்கு ஒரு சங்கம் வேண்டுமானால் அது மலைக்கு இரண்டு பக்கமும் கால் வைத்த சங்கமாக இருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். எந்த ஜீப், எந்தத் தோட்டம், எத்தனை கூலி, விபத்துக்குப் பணம் கொடுத்தானா என்ற நாலு விஷயத்தை மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதிலிருந்து ஆரம்பிக்கலாம். நோட்டு வாங்கி வந்திருக்கிறோம். மேடைக்குப் பக்கத்தில் பெஞ்சியின் மேல் இருக்கிறது. உறவுக்காரர்கள் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் வந்து பெயர் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு இங்கே இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுவார்கள். தயவு செய்து யாரும் கைரேகை வைக்க வேண்டாம்.

ஆண்டிபட்டிக்குக் கடைசி பஸ் புறப்படுகிற நேரமாகிவிட்டது என்று தலைவரவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கேள்விச் சீட்டுக் கொடுத்தவர்கள் மட்டும் கொஞ்சம் இருங்கள்.